அடையாளத் துண்டு இருக்கும் பக்கம் வரை

இப்போது என் மேசையில் இருப்பது வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-இல் வெளிவந்த சிறிய நாவல். விடாமல் உட்கார்ந்தால் ஒரே இரவில் முடித்துவிடலாம். ஆனாலும் மூன்று வாரங்களாக நான் பாதியைத் தாண்டாமல் வேண்டுமென்றே நிற்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை பாளையங்கோட்டையில் அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஐந்து பேர் கூடும்போது இதைப் பற்றி நான் பேசியாக வேண்டும். பேசுகிறவர் அந்தப் புத்தகத்தை முடித்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குள் உள்ள கட்டுப்பாடு. பதின்மூன்று மாதங்களாக இதைச் செய்து பார்த்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் தொழில் பத்திரம் எழுதுவது. காலையிலிருந்து மாலை வரை கிரையம், தானம், பாகப்பிரிவினை என்று எழுதி, வடக்கே இன்னார் நஞ்சை, கிழக்கே ஓடை என்று செக்குபந்தி சொல்லி முடிக்கிறவனுக்கு, இரவில் யாருடைய எல்லையும் குறிக்கப்படாத பக்கங்களைப் படிப்பது ஓர் ஆறுதல். இருபது ஆண்டுகளாகத் தனியாகத்தான் படித்துவந்தேன். சென்ற ஆண்டு தை மாதம் அண்ணாச்சி இந்தக் கூட்டத்தைத் தொடங்கினார். அவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடன் அவர் மனைவியான மைனி, செவிலியராகப் பணிபுரியும் ஒரு தங்கை, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, நான். மாதம் ஒரு முறை, சுக்குக் காப்பியோடு.

முதல் இரண்டு கூட்டங்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒவ்வொருவரும் படித்து முடித்த புத்தகத்தோடு வந்து, கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி, நன்றாக இருக்கிறது அல்லது பரவாயில்லை என்று தீர்ப்பும் வழங்கிவிட்டு உட்கார்ந்தோம். கேட்டவர்களுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலையில்லை. இரண்டாம் கூட்டத்தின் முடிவில் மைனி காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே, “கதைதான் முழுசும் கேட்டாச்சுல்லா, இனி அந்தப் புத்தகத்தை நான் எதுக்குப் படிக்கணும்?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் அந்தத் தங்கை இரவுப் பணி முடிந்து தூங்காத கண்களோடு வந்து, தன்னால் பாதிதான் படிக்க முடிந்தது என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் தொடங்கினார். எந்த இடத்தில் நின்றார், ஏன் அந்த இடத்தில் புத்தகத்தை மூட மனம் வந்தது, அந்தப் பெண் இனி என்ன செய்வாள் என்று நினைக்கிறார் என்று நாங்கள் கேட்கக் கேட்க, மாடியில் இருட்டிவிட்டது. விளக்கைப் போட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே அண்ணாச்சி கட்டுப்பாட்டை அறிவித்தார். அடையாளத் துண்டு இருக்கும் பக்கம் வரைதான் பேச்சு. பேசுகிறவர் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தாம் நினைப்பதைக் குயர் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் புத்தகத்தை முன்பே படித்தவர் யாராவது இருந்தால் வாய் திறக்கக் கூடாது.

கடைசி விதியால் அதிகம் துன்பப்படுகிறவர் அண்ணாச்சிதான். அவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் படித்தவர். நாங்கள் தப்பான திசையில் ஊகிக்கும்போது அவருக்கு உதடு துடிக்கும். அதை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவி வாயில் அடக்கிக்கொள்வார். அதன்பின் அரை மணி நேரத்துக்கு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வராது. இதனால், அவர் செல்லத்தைத் திறந்தாலே எங்கள் ஊகம் பிசகிவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்ளத் தொடங்கினோம். இப்போதெல்லாம் ஊகம் சரியாக இருந்தாலும் அவர் ஏமாற்றுவதற்காகவே வெற்றிலை போடுகிறார் என்பது மைனியின் குற்றச்சாட்டு.

விதிக்கு ஒரே ஒரு முறை விலக்கு அளித்தோம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ என் முறைக்கு வந்தபோது அது நடந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசலில் குடியேறிய கதையை, மிக மூத்த கிழவியான மங்கத்தாயாரு அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும் பகுதியை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பி மேலும் நான்கைந்து வரி போயிருப்பேன். “இதைத்தான இப்பம் படிச்சீங்க” என்றார் மைனி. பார்த்தால், தைக்கும்போது ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், விடுபட்டுப்போய், அதற்கு முந்தைய ஃபாரமே இரண்டு முறை வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. புத்தகத் திருவிழாக் கூட்டத்தில் விலையைப் பார்த்த நான் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. வெளியிட்டவர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை வாங்கினாலும் கடையிலேயே பக்க எண்களை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். பத்திரத்தில் முத்திரைத்தாள் வரிசை எண் பார்க்கிறவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

கதை பாதி வழியில் நின்றது. அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். விடுபட்ட 16 பக்கத்துக்கு மட்டும் அவர் பேசலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அமர்ந்து சொன்ன கதையில், மாட்டின் முதுகில் கட்டிக் கொண்டுவந்த ஓர் அம்மிக்கல் இருந்தது. வழியில் மாடு களைத்து விழுந்தபோது எதை விடுவது என்ற பேச்சு வர, மற்றதையெல்லாம் இறக்கிவிட்டு அம்மிக்கல்லை ஒரு பெண் தலையில் தூக்கிக்கொண்டாளாம். நாங்கள் அதிலேயே சொக்கிப்போனோம்.

அடுத்த வாரம் மாவட்ட மைய நூலகத்துக்குச் சென்று அதே நாவலின் பழைய பிரதியை எடுத்து அந்தப் பக்கங்களைப் படித்தேன். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். தீர்வை ரசீதுகளைத் தினமும் பார்க்கும் நான் அந்த வரிக்குரிய பயனை எடுத்துக்கொள்ளாமல் இத்தனை காலம் இருந்தது என் சோம்பல்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நனைந்து கூழாகிப் போனபிறகுதான் நூலகத்தின் பக்கம் திரும்பினேன். விடுபட்ட 16 பக்கங்களில் அம்மிக்கல் எங்கும் இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது அவருக்கே வியப்பு. சற்று யோசித்துவிட்டு, “அது எங்க அவ்வா சொன்னதால்லா இருக்கும். புத்தகத்துல படிச்சதாவே நெனச்சிட்டு இருந்திருக்கேன், பாருங்க” என்றார். அவ்வா என்றால் பாட்டி. நூலகப் பிரதியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘எங்கள் அவ்வாவும் இப்படியே சொல்வார்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; என்றாலும் ரப்பர் கையில் இருந்தும் அதை நான் அழிக்கவில்லை.

இந்த முறை எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வை எடுத்துவந்தான். அதுவும் வண்ணநிலவனுடையதே. 1838-இல் பாளையங்கோட்டையில் காலமான ஜெர்மன் மிஷனரி ரேனியஸின் பெயர் தாங்கிய தெருவும் அங்கு வாழும் குடும்பங்களும்தான் நாவல். முடிச்சு, திருப்பம் என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொன்னால் தம்பி விழித்தான். கடைசியில், “மழ பெய்யும்னு எழுதிக்கிடுங்க அண்ணாச்சி” என்றான், கேலியாக. அதுவே பலித்தது, எங்கள் நோட்டில் முழுமையாகப் பலித்த மிகச் சில ஊகங்களில் அது ஒன்று. ஆனால் அவன் கேலியாகச் சொன்னதும், மழையை அந்த நாவல் எப்படி எழுதியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்று அடுத்த மாதம் அவனே ஒப்புக்கொண்டு, முன்பு எழுதியதன் கீழே ‘மழை என்று எழுதினேன், இந்த மழையை நினைக்கவில்லை’ என்று சேர்த்தான். பத்திரமாக இருந்தால் நான் அதை அடித்தல் திருத்தல் என்று குறிப்பிட வேண்டியிருக்கும்.

சிறுகதைகளைப் பாதியில் நிறுத்துவதும் சரிப்படவில்லை. வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யை நடுவில் நிறுத்திய அன்று மைனி, “இப்படி விட்டுட்டுப் போனா ராத்திரி தூக்கம் வராது” என்று புத்தகத்தைப் பிடுங்கி அடுக்களையில் நின்றுகொண்டே முடித்துவிட்டார். சிறுகதைக்கு விதி கிடையாது என்று திருத்தம் செய்தோம்.

இனி ‘கடல்புரத்தில்’. கதை நடப்பது மணப்பாட்டில். இன்றைக்கு மணப்பாடும் சரி, கி.ரா.வின் ஊரான இடைசெவலும் சரி, தூத்துக்குடி மாவட்டம். 1986 அக்டோபருக்கு முந்தைய பத்திரங்களில் இரண்டும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். எனக்கு அந்தப் பழைய எல்லைதான் இன்னும் கைப்பழக்கம். நாவலில் வல்லம் என்ற மரப்படகில் கடலுக்குப் போகும் குரூஸ் மிக்கேலை, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மூத்த மகன் செபஸ்தி கேட்கிறான். கடலில் லாஞ்சுகள், அதாவது விசைப்படகுகள், வந்துவிட்ட காலம்; வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றுகிறது. விற்கச் சொல்லும் பிள்ளைகளையும், விற்க மனமில்லாமல் மசிப் பெட்டியில் பெருவிரலை அழுத்தும் தகப்பன்மாரையும் வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். ஆகவே இந்தப் பக்கங்களை நான் வேலை நேரத்தின் கண்ணோடுதான் படித்தேன் என்று நினைக்கிறேன். வல்லம் அசையும் சொத்து, விற்பதற்குப் பதிவு வேண்டாம், வீட்டுக்குத்தான் பத்திரம் வேண்டும் என்றுகூட ஓரிடத்தில் மனம் கணக்குப் போட்டது. நல்ல வாசகன் செய்யும் காரியமா என்று தெரியவில்லை.

சென்ற மாதம் தகப்பனும் மகனும் பேசும் பகுதியைத்தான் உரக்கப் படித்தேன். கொஞ்சம் உணர்ச்சியோடு, சொற்களை நீட்டிப் படித்திருப்பேன் போலிருக்கிறது. செவிலியர் தங்கை கையைக் காட்டி நிறுத்தினார். அவர் உவரிக்காரர்; தாய்வீடு கடற்கரையிலேயே இருக்கிறது. “அண்ணே, எங்க ஊர்ல இப்படி இழுத்துப் பேசுனா யாருக்கும் கேக்காது. அலைச் சத்தத்துக்கு மேல போகணும்லா” என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி, அதே வரிகளைக் குறுக்கி, உயர்ந்த குரலில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சற்று நிறுத்திப் படித்தார். நான் படித்தபோது கெஞ்சிக்கொண்டிருந்த மனிதர்கள் அவர் குரலில் சண்டை போட்டார்கள். அச்சில் இருப்பது ஒரே எழுத்துதான். நான் தனியாகப் படித்து முடித்து வந்திருந்தால், கெஞ்சுகிற குரூஸ் மிக்கேலையே என் ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருப்பேன். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். மூன்று வாரமாக நான் பாதியில் நிற்பதற்குச் சொல்லத்தக்க காரணம் அதுதான்.

அன்று என் ஊகத்தை நோட்டில் எழுதும் நேரம் வந்தது. ‘குரூஸ் மிக்கேல் வல்லத்தை விற்க மாட்டார்’ என்று எழுதினேன். தங்கையும் அந்த நாவலைப் படித்ததில்லை, எட்டிப் பார்த்துவிட்டு, “விப்பாரு அண்ணே. எங்கப்பா வித்தாங்க” என்றார். பேனாவை வாங்கி என் வரிக்குக் கீழே ‘விற்பார்’ என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்திட்டார். இருதரப்பு வாக்குமூலம் போலாகிவிட்டதே என்று நான் சாட்சிக்கு இடம் விட்டு, நோட்டை அண்ணாச்சி பக்கம் நகர்த்தினேன். அவர் வெற்றிலையைக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், இரண்டு வரிக்கும் பொதுவாக நடுவில் ஒரு கையெழுத்துப் போட்டார்.