இரண்டாவது பை

"இதெல்லாம் அவங்க பிரிஞ்ச அப்புறம் ஆளுக்கு ஆள் போட்டது. இதுக்குப் பெரிசா விலை இல்லை."

நான் சொன்னது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் சொன்னது. ஆனால் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது, என் குரலிலேயே.

2001 அக்டோபர், லண்டன். பழைய இசைத்தட்டுக் கடையில் வாங்கும் மேஜை என் பொறுப்பு. எதிரே நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். சந்தைக்கு இழுத்துப்போகும் சக்கரப் பையில் இரண்டு துணிப்பைகளை அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

முதல் பையில் பீட்டில்ஸ், 1970இல் பிரிந்துபோன இங்கிலாந்தின் நால்வர் குழு. எட்டு எல்.பி. தட்டுகள். எல்லாம் வீட்டுக் கொண்டாட்டங்களில் அடிபட்டவை. அட்டையில் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. லேபிளின் நடுத்துளையைச் சுற்றி வெள்ளிக் கோடுகள். அவசரமாக, இருட்டில், துளை எங்கே என்று பார்க்காமல் தட்டைச் சுழலியில் வைக்கும்போது விழும் கோடுகள் அவை. ஒரு தட்டை எத்தனை பேர், எப்படிக் கேட்டார்கள் என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். அதற்கு நாற்பது பவுண்டு கொடுத்தேன். உண்மையில் முப்பதுதான் கொடுத்திருக்க வேண்டும். எந்த நிலையில் இருந்தாலும் பீட்டில்ஸ் விற்றுவிடும் என்று தெரியும், அதனால் தாராளமாக இருந்தேன்.

இரண்டாவது பையில் பன்னிரண்டு. நால்வரும் தனித்தனியாகப் போட்டவை. பால் மெக்கார்ட்னி எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்த முதல் தட்டு, 'ராம்', ஜான் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்', 'இமாஜின்'. ரிங்கோ தன் வீட்டார் பாடிக் கேட்ட பழைய பாட்டுகளைப் பாடிய 'சென்டிமென்டல் ஜர்னி'. ஜார்ஜ் ஹாரிசனுடையது மட்டும் ஐந்து. அதில் ஒன்று 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்': மூன்று தட்டு அடங்கிய அட்டைப்பெட்டி, மேலே தோட்டத்தில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜார்ஜ், சுற்றிலும் நான்கு குள்ளப் பொம்மைகள். பன்னிரண்டுக்கும் சேர்த்து நான்கு பவுண்டு என்றேன்.

அவர் கேட்டார்: "அப்போ சேர்ந்து இருந்தாத்தான் விலையா?"

நான் ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல் பை என்னோடது. இது அவரோடது" என்றார். ரசீதுப் புத்தகத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலிப் பைகளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த 'அவர்' இறந்துவிட்டாரா, விட்டுப் போய்விட்டாரா, இல்லை வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. வாங்கும் மேஜையில் கேட்கக் கூடாது என்பது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். சாமான் ஏன் விற்பனைக்கு வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் பொய் சொல்வார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பாடம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, 'பிரிஞ்ச அப்புறம்' என்று நானாக ஒரு சொல்லை எடுத்து அவர் முன்னால் போட்டது வேறு.

விலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குச் சொல்ல நியாயம் இருக்கிறது. விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து வாங்குவது எங்கள் கணக்கு. தனித் தட்டுகள் நகராது. பீட்டில்ஸ் பிரிப்பு அட்டைக்குப் பின்னால் 'உறுப்பினர்கள்' என்று ஒரு பகுதி வைத்திருந்தோம். அதில் ரிங்கோவின் தட்டு ஒன்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் பார்த்தது, நான் விலகும்போதும் இருந்தது. அங்கே தேடுபவர்கள்கூட அட்டையைத் திருப்பி, "இதுல வேற யாராவது வாசிச்சிருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்டில்' டிரம்ஸ் ரிங்கோ என்று சொன்னால் ஒரு பவுண்டு கூடக் கொடுப்பார்கள். 'இமாஜின்' தட்டில் ஜார்ஜ் கிட்டார் வாசித்திருக்கிறார் என்றால் முகம் மலரும். 1973இல் வந்த 'ரிங்கோ' தட்டில் நால்வரும் ஏதோ ஒரு பாட்டில் இருக்கிறார்கள், ஆனால் நால்வரும் சேர்ந்து ஒரே பாட்டில் இல்லை. அதை விற்பதற்கு அந்தத் தகவலைத்தான் நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆக, சேர்ந்து இருந்தால்தான் விலை என்பது நான் கண்டுபிடித்த பொய் இல்லை. தினமும் கல்லாவில் பார்த்தது.

இவ்வளவும் உண்மை. ஆனால் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பெட்டிக்கு இது பொருந்தாது, அதுவும் எனக்கு அன்றே தெரியும். அந்த வருஷம் ஜனவரியில்தான் அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டிருந்தார்கள், பழைய பெட்டியைத் தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நல்ல நிலையில் இருந்தால் இருபத்தைந்துக்கு விற்போம். பல நாள் கழித்து ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பன்னிரண்டுக்கும் சேர்த்து, எங்கள் விதிப்படியே, இருபது பவுண்டுக்குக் குறையாமல் கொடுத்திருக்க வேண்டும். முதல் பையில் அதிகமாகக் கொடுத்த பத்தைக் கழித்தால் அவருக்கு ஆறு பவுண்டு நட்டம். ஆறு பவுண்டுக்காகவா இத்தனை வருஷம் என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் ஆறு பவுண்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நிலைமையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியின் மூன்றாவது தட்டு நண்பர்கள் ஸ்டுடியோவில் கூடி வாசித்தது, 'ஆப்பிள் ஜாம்' என்று பெயர், லேபிளில் ஜாம் ஜாடி படம். பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் யார் வீட்டிலிருந்து வந்தாலும் முதல் இரண்டும் தேய்ந்திருக்கும், மூன்றாவது புதுசாக இருக்கும். நான் அன்று முதலில் உருவியது மூன்றாவதைத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கீறல் இல்லை. ஆனால் உள்ளுறையின் வாய் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது, நூறு தடவை எடுத்து வைத்தால்தான் அப்படி ஆகும். நடுத்துளையைச் சுற்றி ஒரு கோடுகூட இல்லை. மூன்றாவது தட்டையும் விடாமல், ஒவ்வொரு தடவையும் பார்த்து வைத்துக் கேட்ட ஒரு மனிதர். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகுதான் "பெரிசா விலை இல்லை" என்றேன்.

அந்தப் பெட்டியை உடனே விற்பனைக்கு வைக்கவில்லை. பின்னறையில் என் அலமாரியில் வைத்து, ஷட்டர் இறக்கிய பிறகு கேட்டேன். அதுவரை எனக்கு அதில் 'மை ஸ்வீட் லார்ட்' மட்டும்தான் தெரியும். 'இஸன்ட் இட் எ பிட்டி' அதில் இரண்டு தடவை வருகிறது. 1966லிருந்தே ஜார்ஜ் கையில் இருந்த பாட்டு அது. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டை 1969 ஜனவரியில் ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் மற்ற மூவரிடமும் வாசித்துக் காட்டி, பல தடவை ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. ஜானும் பாலும் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த குழுவில் ஜார்ஜுக்கு ஒரு தட்டில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். எப்போதாவது மூன்று. தங்கிப்போனதெல்லாம் சேர்ந்து, குழு உடைந்த 1970இன் கடைசியில், மூன்று தட்டாக வந்து விழுந்தது. எந்த மேஜையில் அவருக்கு இடம் இல்லை என்றார்களோ, அந்த மேஜையின் நீட்சிதான் என் மேஜையும் என்று ஒரு ராத்திரி தோன்றியது. மறுநாள் காலையில் அது பெரிய வார்த்தை என்றும் தோன்றியது. அவர்கள் பாட்டைப் பார்த்து முடிவு செய்தார்கள். நான் பாட்டைக் கேட்கவே இல்லை.

பையில் 'டார்க் ஹார்ஸ்' தட்டும் இருந்தது. 1974இல் ஜார்ஜ் வட அமெரிக்கா முழுக்கப் பயணம் போனபோது ரவிசங்கர் தன் குழுவோடு கூடப் போனார். அதில் நம்ம டி.வி. கோபாலகிருஷ்ணன் இருந்தார், வயலின் எல். சுப்ரமணியம் இருந்தார். சென்னையில் என் அப்பா மார்கழிக் கச்சேரியில் டி.வி.ஜி. மிருதங்கத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் உட்கார்ந்திருப்பார் என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தப் பயணத்தில் ஜார்ஜுக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. வந்த கூட்டம் பழைய பீட்டில்ஸ் பாட்டைக் கேட்க வந்த கூட்டம். பத்திரிகைகள் கடுமையாக எழுதின. அதற்குப் பிறகு அவர் அமெரிக்காவில் அப்படி ஒரு சுற்றுப்பயணமே போகவில்லை. தொண்டை கட்டிய அந்தக் குரல் 'டார்க் ஹார்ஸ்' தட்டிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும். அந்தத் தட்டின் உறையும் மெத்தென்றுதான் இருந்தது.

நவம்பர் 29, ஜார்ஜ் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனார். 58 வயது. எங்களுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவில்தான் தெரிந்தது. கடைக்குள் நுழைந்ததும் முதலாளி கேட்டது, "உன் அலமாரில அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?" என்றுதான். அறுபது பவுண்டு எழுதி ஜன்னலில் வைத்தார். பன்னிரண்டு மணிக்குள் போய்விட்டது. வாங்கின பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான். ஜனவரியில் 'மை ஸ்வீட் லார்ட்' மறுபடி இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது, 31 வருஷம் கழித்து.

பெட்டி விற்ற அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். முகவரி இருந்தது, பஸ்ஸில் போனால் பத்து நிமிஷம். முதலாளியிடம் கேட்டேன், கொஞ்சம் பணம் அனுப்பலாமா என்று. "ஜார்ஜ் செத்துப்போவார்னு உனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. அப்புறம் என்ன?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஞாயமாகத்தான் கேட்டார். ஆனால் நான் கேட்டது நவம்பர் விலையைப் பற்றி இல்லை, அக்டோபர் விலையைப் பற்றி. அதை அவரிடம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் வாங்கும் மேஜையில் நான் விதியை மீறினேன் என்று ஆகும். விதியை மீறி கடைக்கு லாபம் பார்த்தேன், ஆனாலும் மீறல்தான். புத்தகத்தை மூடி வைத்தேன். முகவரியைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. இன்று யோசித்தால் குறித்துக்கொண்டிருக்கலாம். பணத்தோடு போய்க் கதவைத் தட்டி என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் போய் நம் மனபாரத்தை இறக்கி வைப்பதும் ஒரு சுயநலம்தான். அவர் துக்கத்தில் இருந்தார் என்பதே என் ஊகம்.

டிசம்பரில் கடையில் ஒரு வேலை செய்தேன். 'உறுப்பினர்கள்' பகுதியைக் கலைத்து, நான்கு பேருக்கும் அவரவர் பெயரில் பிரிப்பு அட்டை எழுதி, அகரவரிசையில் அவரவர் இடத்தில் வைத்தேன். ஹாரிசன் 'எச்' வரிசைக்குப் போனார், லெனன் 'எல்' வரிசைக்கு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வருபவர்கள் பீட்டில்ஸ் அட்டைக்குப் பின்னால் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஜார்ஜ் எங்கே?" என்று கேட்டார்கள். ஒரு மாதம் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, நானே எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்றினேன். விற்பனை கூடியது.

இதுவரை சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் பெரிய போஸ்டர் ஒன்று மடித்து வைத்திருப்பார்கள், ஜார்ஜின் படம். அன்று விற்க வந்தவர் கொண்டுவந்த பெட்டியில் அது இல்லை. விலையைக் குறைக்க எனக்கு அது வசதியாக இருந்தது. "போஸ்டர் இல்லை பாருங்க, முழுசா இருந்தா வேற" என்றேன்.

"அது சுவர்ல இருக்கு" என்றார்.

கழற்றிக்கொண்டு வந்தால் கூடத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் தலையை ஆட்டினார்.