கொப்பியைக் காலையில் கொண்டு வாங்க

"கொப்பி வீட்டுல இருக்குங்க மிஸ், போய் எடுத்துட்டு வரவா?" என்று, தலையில் அடிபட்ட மாமனாரை வார்டில் சேர்த்த மருமகள் நர்சான என்னிடம் கேட்டார். கொப்பி என்றால் கிளினிக் கொப்பி, என்ன வருத்தம், என்ன குளிசை என்று எழுதியிருப்பது. இரவு ஏழரை, விடாத மழை, தோட்டத்து லயத்து வீட்டுக்கு மூன்று மைல் மேட்டில் ஏற வேண்டும். "இப்ப வேணாம், காலையில கொண்டு வாங்க" என்றேன். பாவப்பட்டுத்தான் சொன்னேன். இரண்டு வருடமாக அந்தப் பேச்சுதான் காதில் ஓடுகிறது.

மாமனாருக்கு 71 வயது, லயத்துப் படியில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. சாராய வாடை அடித்தது. கண் திறந்திருந்தார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், கிழமையை மட்டும் மாற்றிச் சொன்னார். ஜி.சி.எஸ்., அதாவது நினைவு எவ்வளவு தெளிவு என்று பார்க்கும் ஸ்கோர், 15க்கு 14. தலையில் அடிபட்டவர் விஷயத்தில் நாங்கள் பயப்படுவது ஸ்கோர் 8க்கு இறங்கினால், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காவிட்டால், மேல் பிரஷர் 90க்குக் கீழே போனால், ஒட்சிசன் குறைந்தால், வயது கூடியிருந்தால். இவரிடம் அதில் ஒன்றுமில்லை, வயது ஒன்றைத் தவிர. டொக்டரும் பார்த்தார். கிழமை மாறியதைச் சாராயத்தின் தலையில் போட்டுவிட்டோம்.

மருமகள் ஒன்று சொன்னார்தான். "நெஞ்சுக்கு ஏதோ குளிசை குடிக்கிறாருங்க." நெஞ்சுக்கு என்றால் ஆஸ்பிரினாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது வார்ஃபரின். இதய வால்வுக்காக வருடக்கணக்காகக் குடித்தது, இரத்தத்தை உறைய விடாத குளிசை, அதைக் குடிப்பவருக்கு மண்டைக்குள் சின்னக் கசிவு வந்தாலும் லேசில் நிற்காது. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கி உள்ளே இடம் விட்டிருக்கும், அதனால் இரத்தம் தேங்கத் தேங்கவும் ஆள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்ததுதான்.

இரண்டு மணிக்கு அவருடைய குறட்டைச் சத்தம் மாறியது. நகத்தை அழுத்தினேன், கண் திறக்கவில்லை. டோர்ச் அடித்தால் வலது கண்மணி விரிந்தபடியே நின்றது. அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினோம், மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

கொப்பி ஏழரைக்கே கையில் இருந்திருந்தால் ஸ்கோரைப் பார்க்காமல் அப்போதே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்போம், வார்ஃபரினை முறிக்கிற விற்றமின் கே, பிளாஸ்மா எல்லாம் நேரத்தோடு போயிருக்கும். பிழைத்திருப்பாரா? இந்த வயதில், இந்தக் குளிசையோடு, எப்படியும் கஷ்டம்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். பகலில் அதை நம்புகிறேன். இரவு டியூட்டியில் நம்ப முடிவதில்லை. இப்போதெல்லாம் தலையில் அடி என்றால் முதலில் கொப்பியைத்தான் கேட்கிறேன், மழையில் ஆளை அனுப்பியும் இருக்கிறேன், வந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் பிரஷர் குளிசை. நனைந்து வந்து நிற்பவரைப் பார்க்க அதுவும் சங்கடமாக இருக்கிறது.

அன்று ராத்திரி மருமகளின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. காலை ஆறரைக்கு வார்ட் வாசலில் வந்து நின்றார், ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறு கையில் நனையாமல் இரண்டு ஷொப்பிங் பேக்கில் சுற்றிய கொப்பி.

"நீங்க சொன்னீங்களே மிஸ், கொண்டு வந்துட்டேன்" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.