ஏற்காட்டு ஏற்றமும் டீசல் இன்ஜினும்

"எந்த பிக்கப் இன்ஜினை நம்பி வாங்கலாம்ங்கண்ணா?" சேலம் கோரிமேடு பக்கம் பட்டறை போட்ட நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்காட்டில் விடுதி கட்டும் கான்ட்ராக்டர்கள், எஸ்டேட் மேனேஜர்கள். கலவை மெஷினையோ ஜெனரேட்டரையோ பின்னால் கொக்கியில் மாட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏற்றிவிட வேண்டும் அவர்களுக்கு. நான் கம்பெனி பேரைச் சொல்வதற்கு முன்னால் ரேடியேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். சிலருக்கு அது பிடிக்காது. ஆனால் என் பட்டறையில், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி வைத்த டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவை இழுத்ததால் கெட்டவை அல்ல, சூட்டால் கெட்டவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வண்டி, சரக்கு, பின்னால் மெஷின் எல்லாம் சேர்ந்து நாலரை டன் என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு எடையை 1,200 மீட்டர் தூக்க ஏறத்தாழ 53 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. அப்படியானால் ஒன்றரை லிட்டர் போதுமே என்று தோன்றும். இன்ஜின் சக்கரத்துக்குத் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, தூக்குவதற்கு மட்டுமே நாலரை லிட்டர் எரிகிறது; மூன்று லிட்டரின் சக்தி சூடாகவே போகிறது. அதில் ஒரு பாதி சைலன்சர் வழியே வெளியேறும், மறு பாதியை ரேடியேட்டரும் ஆயிலும்தான் சுமக்க வேண்டும். ஹைவேயில் எழுபது எண்பதில் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். மலைப்பாதையில் முதல் கியர், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது காற்று எங்கே? எல்லாப் பாரமும் ஃபேன் மேல்தான்.

ஒரு கான்ட்ராக்டரின் பிக்கப் ஒவ்வொரு தடவையும் மேலே போய்ச் சேருவதற்குள் கொதித்துவிடும். வேறு பட்டறையில், சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார்கள், வாட்டர் பம்பையும் மாற்றியிருந்தார்கள். சரியாகவில்லை. எங்களிடம் வந்ததும் முன்னால் இருந்த, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரை இறக்கிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்பக்கம் டார்ச் அடிக்கச் சொன்னேன். "அண்ணா, வெளிச்சமே இந்தப் பக்கம் வரலைங்க" என்றான் தம்பி. சிமென்ட் தூசியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவே சுவர் வைத்த மாதிரி இறுகியிருந்தது. பின்பக்கமிருந்து முன்பக்கமாக, தகடு மடங்காத அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சி எடுத்தோம். சாம்பல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது.

அதோடு விடவில்லை. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால் பிசின்போல் இறுக்கம் தெரிய வேண்டும். இதில் ஃபேன் தாராளமாகச் சுற்றியது, நடுவே ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தது. ஃபேனை இன்ஜினோடு சேர்த்துச் சுற்ற வைக்கும் ஃபேன் கிளட்சுக்குள் இருக்கும் சிலிக்கான் ஆயில் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கூலன்ட் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடி விட்டுவிட்டால், ஏற்காட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இத்துணூண்டு மூடிக்காக ஹெட் வளைந்து, அதன் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போய், எத்தனை வண்டிகள் கயிற்றில் கட்டி இறங்கி வந்திருக்கின்றன! எனக்கு மனசு கேட்காது.

இழுவைக்கு டீசல்தான் என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. காற்றை அழுத்தியே தீப்பிடிக்க வைக்கும் இன்ஜின் அது. அந்த அழுத்தத்தைத் தாங்க பிளாக், கிராங்க், பேரிங் எல்லாம் கனமாகவே வார்க்கப்படுகின்றன. நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழு இழுவை கிடைத்துவிடுவதால், வளைவு திரும்பிக் கிளம்பும்போது கிளட்சைத் தேய்க்க வேண்டியதில்லை. குதிரைத்திறனைப் பார்த்து வண்டி எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்காவில் 1989ல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வைத்தார்கள். இழுவைக்கென்று இன்றுவரை அங்கே அதற்குத் தனிப் பேர். அதே குடும்பத்து இன்ஜின்தான் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளில் வந்தது. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்குக் கம்மின்ஸைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரிக்குச் செய்ததை பிக்கப்பில் வைத்தால் அதற்கு அவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டாது. நம்ம ஊர் பிக்கப்களில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் இன்ஜின். அது மோசமான இன்ஜின் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனிடம் மிச்ச பலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அடைத்த ரேடியேட்டரும் ஓவர்லோடும் தின்றுவிடக் கூடாது.

டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் விசிறி, உள்ள வண்டி மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பி உடனே அணைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடிய தண்டு அது. ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் ஆயில் ஓடி ஆறும். விடாவிட்டால் உள்ளே இருக்கும் ஆயில் கரியாகிப் பேரிங்கை அரிக்கும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினே நல்லது என்பார்கள் பலர். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரயில் வந்தபின் புகை குறைந்தது, இழுவை கூடியது. ஆனால் அழுக்கு டீசலை அது மன்னிக்காது. 1,600 பார் அழுத்தத்தில், தலைமுடி அளவு ஓட்டைகள் வழியே டீசல் பாய்கிறது; ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் காலி. எஸ்டேட்களில் பேரலில் டீசல் வைத்து ஊற்றுகிறார்கள். மலைப் பனியில் பாதி காலியான பேரலுக்குள் ஈரம் வேர்த்து அடியில் தேங்கும். ஃபில்டருக்குக் கீழே உள்ள திருகைத் தளர்த்தி வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் வந்த, புகைக் கட்டுப்பாடு கூடிய பிஎஸ் 6 வண்டிகளைக் கண்டு பயப்படுகிறார்கள், சைலன்சரில் உள்ள கரி ஃபில்டர் அடைக்கும் என்று. பாரம் இழுத்து மலையேறும் வண்டியில் அந்தக் கரி சூட்டிலேயே எரிந்துவிடும். ஏற்காடு பஜாருக்குள்ளேயே காய்கறிக்கும் பாலுக்கும் சுற்றும் வண்டிக்குத்தான் அடைக்கும்.

ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். அந்த 53 மெகாஜூல் இறக்கத்தில் அப்படியே திரும்பி வரும், இப்போது பிரேக் மேல். பெட்ரோல் இன்ஜின்போல் காற்றை அடைக்கும் தடை டீசலில் கிடையாது. அதனால் ஆக்சிலேட்டரை விட்டால் மட்டும் வண்டி பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் தொப்பூர் கணவாயில் எப்படி விபத்து நடக்கிறது என்று பார்த்தவர்கள்தான், இருந்தும் விடுகிறார்கள். கலவை மெஷினுக்குச் சொந்த பிரேக் இல்லை, மொத்த எடையையும் பிக்கப்பின் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் காலுக்கடியில் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மெஷினை இழுத்து இறங்கும் அன்று பின்னால் தொட்டியில் ஜல்லியோ கம்பியோ ஏற்றாதீர்கள், அது அடுத்த நடையில் வரட்டும்.