கிளினிக் கார்டு முடிந்த பிறகு

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் இரத்தத்தை வைத்து மருத்துவ உலகம் நிறையப் படித்திருக்கிறது. இந்தச் சங்கதி எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

1977 இல் அமெரிக்க ஊட்டச்சத்து இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த 75 பெண்கள், வயது 22 முதல் 65 வரை. அவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, ஹீமோகுளோபின் குறையக் குறைய உடம்பு எவ்வளவு திணறுகிறது என்று பார்த்தார்கள். ஆகக் குறைந்த அளவு டெசிலீட்டருக்கு 6.1 கிராம். இரண்டு வருடம் கழித்து, 1979 இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் இன்னோர் ஆய்வு. கொழுந்து எடுக்கும் பெண்களில் சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரை, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதம் போன பிறகு பார்த்தால், இரும்பு சாப்பிட்டு இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்திருந்தார்கள். இரத்தம் மிகவும் குறைந்திருந்தவர்களிடம்தான் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்து லயமொன்றில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். இப்போது ஹட்டனுக்கு அருகில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த ஆய்வுகள் நடந்த வருடங்களில் என் அம்மா கூடை போட்டுக்கொண்டு மலை ஏறியவர். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தை அவர் இன்றைக்கும் சொல்வார். அரிசி இல்லை, மாவு இல்லை. கிடைத்த கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனார்கள். அப்படிப்பட்ட உடம்பில் இரும்பு ஏறினால் கொழுந்து கூடும் என்பதை நிறுவைத் தராசு சொல்லியது.

அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இரத்தக்குறைவு சோம்பேறித்தனம் இல்லை என்பதை எண்களோடு எழுதி வைத்தவர்கள் அவர்கள். "ஏன் இன்றைக்குக் கொழுந்து குறைவு" என்று நிறுவையில் ஏச்சு வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு அதுதான் பதில். ஆனால் ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எங்கள் பெண்களைப் பற்றி நடந்த ஆய்வுகளில் நான் தேடிப் படித்தவை எல்லாம் ஒன்றில் அவள் எடுக்கும் கொழுந்தைப் பார்க்கின்றன, இல்லையென்றால் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கின்றன. இரண்டும் முடிந்த பிறகு அவள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்ற கேள்விக்குத்தான் ஆள் இல்லை.

பிள்ளையைப் பார்த்த ஆய்வுகளால் எங்களுக்கு நன்மை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொக்கிப்புழு எங்கள் பழைய எதிரி. 1916 இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது தோட்டங்களில்தான். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களுக்குப் பாதத்தின் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு அது. 1994 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலங்கைத் தோட்டங்களின் கர்ப்பிணிகளிடமே செய்தது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் இரத்தம் ஏறுகிறது. கூடவே குடல் புழுவைக் கொல்லும் பூச்சி மருந்தும் கொடுத்தால் இன்னும் நன்றாக ஏறுகிறது என்று அது காட்டியது. அப்புறம் கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாதே என்ற பயம் வந்தது. அதற்கும் இலங்கையிலேயே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரின் பிரசவங்களைப் பார்த்து, 1999 இல் லான்செட் இதழில் பதில் எழுதினார்கள். மெபெண்டசோல் என்ற அந்தப் பூச்சி மருந்தைச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஊனம் குறிப்பிடும்படி கூடவில்லை. செத்துப் பிறப்பதும் பிறந்த கையோடு இறப்பதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. இன்றைக்கும் கர்ப்பிணி மூன்று மாதம் தாண்டியதும் கிளினிக்கில் அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.

அதே கிளினிக்கில் கிடைக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதையை வகுப்பில் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டொக்டர் 1928 இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலையில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். 1929 இல் கொஞ்சக் காலம் குன்னூரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தார். குன்னூர் நீலகிரியில், அதுவும் தேயிலை மலைதான். அந்தப் பெண்களின் சோகையைக் குணமாக்கும் ஏதோ ஒன்று ஈஸ்டில், குறிப்பாக மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றில் இருக்கிறது என்று 1931 இல் எழுதினார். அந்த ஏதோ ஒன்றுதான் ஃபோலேட். 1945 இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இப்படி உழைக்கும் ஏழைப் பெண்களின் உடம்பிலிருந்து கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் கர்ப்பிணிகள் கையில் மாத்திரையாக இருக்கிறது.

சரி, பிள்ளை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு?

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கொடுத்த கிளினிக் கார்டு என்னிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன். மடித்த இடமெல்லாம் வெளுத்து, ஒரு மடிப்பு கிழிந்தும்விட்டது. நிறை, பிரஷர், சிறுநீரில் சீனி, சிறுநீரில் அல்புமின், கால் வீக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசி மாதங்களில் பிரஷர் கட்டத்தில் 140/95 என்று சிவப்புப் பேனையால் எழுதி, மிட்வைஃப் மிஸ் அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளை நலமாகப் பிறந்தான், பிரஷரும் இறங்கியது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆய்வுகள் அது முடியவில்லை என்று சொல்கின்றன. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போனவர்களுக்கு, அதாவது பிரீ எக்லாம்சியா வந்தவர்களுக்கு, பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2007 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். கர்ப்ப காலத்தில் சீனி வந்து, பிரசவத்துக்குப் பின் மறைந்தவர்களுக்குச் சீனி வருத்தம் நிரந்தரமாக வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2009 இல் லான்செட்டில் வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு கூடும், இரத்தக் குழாய் இறுகும். இருபதுகளில் வந்து போன சிக்கல் ஐம்பதுகளில் திரும்பி வருவது அப்போதுதான். கர்ப்பமும் மாதவிடாய் நிற்பதும் ஒரே உடம்பின் முன்பாதியும் பின்பாதியும் என்று மருத்துவம் இப்போது பேசுகிறது. ஆனால் கார்டு முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

போன வருடம் தலைச்சுற்றல் என்று ஒரு டொக்டரிடம் போனேன். பிரஷர் பார்த்தார், மருந்து எழுதினார். கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததா என்று கேட்கவில்லை. நானே கார்டை எடுத்து நீட்டினேன். அவர் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ரோலும் சீனியும் சிறுநீரகமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எழுதினார். கார்டு வைத்திருந்ததால் நடந்தது அது. பிள்ளை பெரிதானதும் அதைக் கிழித்து அடுப்பில் போட்ட வீடுகள்தான் எங்கள் லயங்களில் அதிகம்.

மாதவிடாய் நிற்பதைப் பற்றிய பெரிய ஆய்வுகள் எல்லாம் வெளியூர்ப் பெண்களைப் பற்றியவை. அமெரிக்காவில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில் 16,608 பெண்களுக்கு நடந்த ஹோர்மோன் மாத்திரைப் பரிசோதனையை 2002 இல் இடையில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இதய நோய் கொஞ்சம் கூடியதாகத் தெரிந்தது. உலகம் முழுவதும் பெண்கள் பயந்துபோய் மாத்திரையைக் கைவிட்டார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்பதும் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. 1996 இல் தொடங்கிய ஸ்வான் என்ற இன்னோர் அமெரிக்க ஆய்வு, 3,302 பெண்களை வருடக் கணக்காகப் பின்தொடர்ந்தது. உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது, அது அடிக்கடி வருபவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கிறது என்று அது காட்டியது. கறுப்பினப் பெண்கள், சீன, ஜப்பானிய வம்சாவளிப் பெண்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தெற்காசியப் பெண்கள் ஒரு பிரிவாக இல்லை.

நம் நாட்டில் 45 முதல் 60 வயதுவரை உள்ள பெண்களிடம் செய்து 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் அதிகம் சொன்னது மூட்டு வலியையும் தசை வலியையும். அடுத்தது களைப்பு. உடம்பு கொதிப்பது அதற்கும் பிறகுதான். இதைப் படித்ததும் எங்கள் லயத்துப் பெரியம்மாமார் ராத்திரியில் காலைப் பிசைந்துகொண்டு "கொடச்சல் தாங்க முடியல" என்று சொல்வது காதில் கேட்டது. அந்தக் குடைச்சலைக் குளிருக்கும் மலை ஏறுவதற்கும் கணக்கு வைத்துவிடுகிறோம். இந்த வயதின் வேலையும் அதில் இருக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இரத்தப்போக்கு விஷயத்தில். எங்கள் பக்கத்து லயத்தில் ஓர் அக்கா, நாற்பத்தெட்டு வயதிருக்கும். மாதம் தப்பித் தப்பி வந்து, வந்தால் பத்து நாள் நிற்காமல் போனது. மலையில் கழிவறை கிடையாது. இடுப்பில் கட்டிய படங்கு முழங்கால் வரை மறைக்கும் என்பதால், உள்ளே துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு பின்னேர நிறுவை வரை நிற்பார். மாற்ற வேண்டுமென்றால் செடிக்குள் குந்த வேண்டும். அட்டை ஏறும், ஆட்கள் வருவார்கள். பதினெட்டு கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அவருடைய மாமியாரும் என் அம்மாவும் சொன்னது ஒன்றுதான்: "அந்த வயசுல பெரும்பாடு எல்லாருக்கும் வாறதுதான் புள்ள." படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஸ்கேனில் கருப்பையில் ஃபைப்ரொயிட் கட்டி. இரத்தம் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

இந்த வயதில் முட்டை ஒழுங்காக வெளியேறாது. அதனால் புரோஜெஸ்டரோன் சுரக்காமல் கருப்பையின் உள்தோல் தடித்து, ஒரேயடியாகக் கழிகிறது. இது நடப்பதுதான், ஆனால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் வளையம் உண்டு. மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடம் போன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிடும்போது சாயத் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். தேயிலையிலுள்ள டனின் இரும்பை உடம்பில் சேரவிடாது. ரொட்டியும் தேத்தண்ணியும் சேர்ந்தே போகும் எங்கள் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. தேசிக்காயோ நெல்லியோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. முப்பத்தைந்து வயதானால் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நல்ல திட்டம், போங்கள். நான் கேட்பது அதற்கு மேல் இரண்டு. கர்ப்பிணிக் கார்டில் இருந்த சிக்கல்களை அங்கே கேட்டு எழுத வேண்டும். நாற்பத்தைந்து தாண்டிய தோட்டத்துப் பெண்களுக்கு, எத்தனை நாள் இரத்தம் போகிறது என்று கேட்டு, ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் இப்போது மருத்துவ பீடங்களுக்கும் தாதியர் கல்லூரிகளுக்கும் போகிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் யாராவது இதைப் படித்தால் எங்கள் மலைக்கு வாருங்கள். 1977 இல் அளந்தவர்களில் 65 வயதுப் பெண்ணும் இருந்தார். இந்த முறை அவரைப் போன்ற ஒருவரிடம் பேசவும் செய்யுங்கள். ராத்திரி தூங்குகிறாரா, நாளுக்கு எத்தனை துணி மாற்றுகிறார், மாற்ற இடம் எவ்வளவு தூரத்தில், எத்தனை பிள்ளை பெற்றார், அப்போது பிரஷரோ சீனியோ இருந்ததா என்று கேளுங்கள். வேலை நாளில் வந்தால் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்று யாரும் நிற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டலாம். ஆட்களைக் கூப்பிடுவது என் பொறுப்பு.