காதுக்கு எத்தனை மார்க்?

2019-இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய ஆங்கிலப் புத்தகம் வந்தபோது, உள்ளே 'லிசனிங்' பயிற்சிகளைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்த புளூடூத் ஸ்பீக்கரை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஐம்பது பையன்கள், மேலே கடகடக்கும் மூன்று ஃபேன். மூன்றாவது பெஞ்சைத் தாண்டிச் சத்தம் போகவில்லை. சரி, நானே படித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன். பாதி படிப்பதற்குள் நாலைந்து பேர் விடைகளை எழுதி முடித்திருந்தார்கள். எப்படி என்று பார்த்தால், கைடில் லிசனிங்குக்கும் விடை அச்சாகியிருந்தது!

அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். "அந்த பீரியடுல மெமரி பொயம் எழுத விடுங்க சார், பாஸாவது ஆவாங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் கவலை அவருக்கு. ஸ்பீக்கர் வீட்டுக்குத் திரும்பியது.

அப்புறம் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கு மாறினேன். அங்கே பிளஸ் ஒன்னில் கேட்பதற்கு 5, பேசுவதற்கு 5 என்று அகமதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு. இனி காதைத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். நடந்தது வேறு. வருஷம் முழுக்க அந்தப் பேச்சே கிடையாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் ஒர்க்‌ஷீட் மேல் ஒர்க்‌ஷீட். "முதல்ல கேள்வியப் படி. கோடிட்ட இடத்துல எண்ணா, பேரா, கிழமையான்னு பாரு. அது காதுல விழுந்ததும் எழுது." இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு.

ஒருநாள் என் போனில் நானே ஒன்றைப் பதிவு செய்தேன். இருவர் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். 'ட்யூஸ்டே' என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் இழுத்து, 'நோ, தர்ஸ்டே' என்று மாற்றுகிறார் ஒருவர். அன்றாடம் எல்லோரும் பேசுகிற மாதிரிதான். கிழமை விழுந்த நொடியிலேயே முப்பத்தெட்டுப் பேனாக்களும் குனிந்தன. மாற்றிச் சொன்னது காதில் விழுந்தது இரண்டு பேருக்குத்தான். அதில் ஒரு பெண், தினமும் ரயிலில் வருகிறவள். பிளாட்பாரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றி அறிவிப்பார்கள் என்பதால் முழுசாகக் கேட்டே பழக்கம் என்றாள்.

அதையே தேர்வில் வைக்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "சார், நாலுக்குக் கீழ யாருக்கும் போகக்கூடாது, பேரன்ட்ஸ் கேப்பாங்க" என்றார். பழைய ஆடியோவையே மூன்று தடவை போட்டோம். முப்பத்தாறு பேருக்கு நான்கு, அந்த இரண்டு பேருக்கு ஐந்து.