அம்மாவின் மறதிக்குக் காரணம் தேடியபோது

சாமான்களை வைத்த இடம் அம்மாவுக்கு மறந்துபோவதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் கல்யாணமான நாள் முதல் கேழ்வரகுக் களி கிண்டிய அவர், உலைநீர் கொதித்த பிறகு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் துடுப்பைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்தபோது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். 'வயசானா அப்படித்தான்' என்று காவேரிப்பட்டணத்து உறவினர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிருஷ்ணகிரியில் பார்த்த பொதுநல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் ஆகியவையும் மறதிநோய் போலவே தோற்றமளிக்கும் என்றும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் முதலில் இவற்றைத் தேடிப் பார்த்தாக வேண்டும் என்றும் விளக்கினார். அம்மாவுக்கு பி12 குறைவாகவே இருந்தது. ஊசி போட்டதில் கால் மரமரப்பு குறைந்தது, மறதி குறையவில்லை.

அதன் பிறகு பெங்களூருவில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, "அவங்களே சொல்லட்டும்மா" என்று தடுத்தார். கடிகாரம் வரையச் சொன்னதும், அம்மா வட்டத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு எண்கள் அத்தனையையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். எத்தனையாவது வரை படித்தார் என்றும் மருத்துவர் கேட்டுக்கொண்டார். குறைவாகப் படித்தவருக்கு மதிப்பெண் குறைவதை நோய் என்று கருதிவிடக் கூடாதாம். பிறகு என்னிடம் தனியாக, சமையல், பணக்கணக்கு, மாத்திரை எடுத்துக்கொள்வது ஆகியவற்றில் எது எப்போது மாறியது என்று வெகுநேரம் விசாரித்தார். நான் தேதியோடு குறித்து வைத்திருந்த நோட்டு அங்கேதான் பயன்பட்டது. அழைத்துச் செல்பவர்கள் அவசியம் இப்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருந்தது. புதிய நினைவுகள் பதிவதற்குத் தேவையான அந்தப் பகுதி தேய்வதால்தான், காலையில் குடித்த காபி நினைவில் நிற்காமல், கல்யாணத்துக்கு வந்தவர்களின் பெயர்கள் நிற்கின்றன. ஆரம்பநிலை அல்சைமர் என்ற மறதிநோய் என்றார் மருத்துவர். மூளைச் செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதமும் உள்ளே டாவ் என்ற புரதமும் மறதி தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சேரத் தொடங்கிவிடுமாம்.

இ.சி.ஜி. எடுத்த பிறகு டோனெபெசில் என்ற மருந்தை 5 மில்லிகிராம் அளவில் தொடங்கினார்கள். செல்கள் அழிவதை அது நிறுத்தாது; மிஞ்சியிருக்கும் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரங்களை அம்மாவிடமே கேட்டு, அவர் விருப்பப்படியே இப்போது எழுதி முடித்து வருகிறோம்.