கார்ட்ரிட்ஜ் ரீஃபில்: "யுனிவர்சல் இங்க்"னு சொன்னா நம்பாதீங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல "எல்லா பிரிண்டருக்கும் இதான் சார், யுனிவர்சல் இங்க், தைரியமா ஊத்துங்க"ன்னு தூக்கிக் கொடுத்த கருப்பு பாட்டிலால நான் பட்ட பாடு இருக்கே, இன்னும் கடுப்பு அடங்கல. விலை என்னவோ சல்லிசுதான், புது கார்ட்ரிட்ஜ் ஒண்ணு வாங்குற காசுக்கு பாட்டிலா நாலஞ்சு வாங்கலாம். ஊத்தினதும் பிரிண்டும் வந்துச்சு. ஆனா பையனோட ரெக்கார்டு ஷீட்ல ஈரக் கை பட்டதும் எழுத்தெல்லாம் கரைஞ்சு ஒரே தீற்றல், அடுத்த தடவை ஊத்தினப்போ கோடு கோடா விழ ஆரம்பிச்சிருச்சு.

விஷயம் என்னன்னா, என்னோடது கேனான் பிரிண்டர், கார்ட்ரிட்ஜ் நம்பர் 745 கருப்பு, 746 கலர். இந்த கருப்புல வர்றது பிக்மென்ட் இங்க் (நுண்ணிய நிறத் துகள் கலந்தது, ஈரம் பட்டா அவ்வளவு சீக்கிரம் கரையாது), கலர்ல டை இங்க் (தண்ணில கரைஞ்ச சாயம்). அவர் கொடுத்தது டை. திரும்பப் போய்க் கேட்டா "நீங்க ஊசி போட்ட விதம் சரியில்ல சார்"ங்கிறார்! கார்ட்ரிட்ஜ் நம்பர் கேக்காம பாட்டிலை நீட்டுற கடையா, அப்படியே திரும்பி வந்துருங்க. பக்கத்து கடைக்காரர் முதல்ல நம்பரைத்தான் கேட்டார், பிக்மென்ட்னு லேபிள்லயே போட்டிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

அடைச்ச கார்ட்ரிட்ஜையும் தூக்கிப் போடல. வெதுவெதுப்பான தண்ணில நாசில் (இங்க் வெளிய வர்ற அடிப்பக்கத் துளைகள்) மட்டும் நனையுற மாதிரி கொஞ்ச நேரம் வெச்சு, மடிச்ச டிஷ்யூ மேல ஒத்தி எடுத்தேன், தேய்க்கக் கூடாது. முதல்ல வெளிறின நீலமா கசிஞ்சுது, அப்புறம் புது இங்க் ஏத்தி ஒத்த ஒத்த பட்டையா கருப்புக் கோடு விழுந்துச்சு பாருங்க, அப்பதான் உசுரே வந்துச்சு. கார்ட்ரிட்ஜ்ல மின் தொடர்புக்கு இருக்குற செம்புப் புள்ளிகளை ஈரமில்லாம துடைச்சுட்டு பிரிண்டர்ல போடுங்க.

இங்க் சுத்தமா தீர்ற வரைக்கும் விட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டே இருக்காதீங்க, இங்க் இல்லாம ஓட்டினா ஹெட் (கார்ட்ரிட்ஜ்ல இங்க் தெளிக்கிற பாகம்) சூட்டுலயே போயிரும். கருப்புக்கு 5 மில்லி போதும், மெதுவா ஏத்துங்க, ஓட்டைல பொங்குனா கொஞ்சம் உறிஞ்சி எடுத்துருங்க. காத்து போற துளையை டேப் போட்டு இறுக்க மூடிட்டா இங்க் இறங்காது. கலர்ல மூணு ஓட்டை, எது எந்த கலர்னு பல்குச்சி விட்டுப் பார்த்துட்டு ஊத்துங்க, யூட்யூப் வரிசை உங்க கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தாமப் போகலாம்.

நிரப்பினாலும் பிரிண்டர் காலின்னுதான் சொல்லும், பதறாதீங்க. கேனான் பிக்ஸ்மாவா இருந்தா ஸ்டாப் பட்டனை 5 செகண்டுக்கு மேல அழுத்திப் பிடிங்க, போயிரும், அதுக்கப்புறம் லெவல் காட்டாது, எழுத்து மங்குதான்னு நீங்கதான் பார்த்துக்கணும். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்க, இல்லன்னா காஞ்சிரும்.

இன்னொண்ணு, கிச்சன் மேடைல வெச்சு மட்டும் ஊத்தாதீங்க, மஞ்சள் இங்க் எதுல தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.